'நாடு கடத்தல்': சொல்லும் பொருளும்

'நாடு கடத்தல்' என்னுந் தொடர் நம் நாளிதழ்களில் அடிக்கடி வருவது. அதன் பொருள் எல்லார்க்கும் தெரிந்ததே என்று எண்ணிப் படித்துச் செல்கிறோம். ஆனால் தோட்டப் பள்ளியின் ஆறாம் வகுப்பில் இத்தொடரைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டபோது, மாணவன் ஒருவன் எழுந்து, "தங்கம் கடத்தல் என்றால் தங்கத்தைத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோவது. ஆள் கடத்தல் என்றால் ஆளைத் தூக்கிக்கொண்டு போவது. அப்படியானால் நாடு கடத்தல் என்றால் நாட்டையே தூக்கிக்கொண்டு போவதா, ஐயா?" என்றான். வகுப்பு சிரித்தது. வினா சிரிப்புக்குரியதன்று. மூன்று தொடர்களும் ஒரே அமைப்பாகத் தோன்ற, மூன்றாவது மட்டும் வேறு வகையாகப் பொருள்படுவது ஏன்?

இவ்வினாவைப் பின்பற்றிச் சென்றால் இலக்கணத்தில் தொடங்கிச் சிங்கப்பூர், மலாயாத் தமிழரின் வரலாற்றுக்கு வந்து சேர்கிறோம். நாம் இன்று எழுதும் உரைநடையில் உள்ள ஒரு பெருங்குறையும் அங்கே புலப்படுகிறது. முறையே காண்போம்.

வேரும் விகுதியும்

'கட' என்பது வேர். ஓர் எல்லையைத் தாண்டிச் செல்லுதல் அதன் பொருள். ஆற்றைக் கடந்தான், பாலையைக் கடந்தான் என்கிறோம். பகைவரை வெல்லுதலையும் பழம் புலவர் இச்சொல்லாலேயே குறித்தனர். இவ்வேரோடு 'து' என்னும் பிறவினை விகுதி சேரக் 'கடத்து' என்றாகும். நட, நடத்து, கிட, கிடத்து என்பனவும் இவ்வாறு அமைந்தனவே. கடப்பவன் தானே செல்கிறான். கடத்துபவன் பிறனைச் செல்லச் செய்கிறான்.

ஓடக்காரன் வழிப்போக்கரை ஆறு கடத்தி விடுகிறான் என்றால், அவன் செய்வது உதவி. ஒருவன் நாளைக் கடத்துகிறான் என்றால் அதில் சோம்பல் உண்டு; கொடுமை இல்லை. அறிவியல் பாடத்திலோ செம்பு மின்சாரத்தை நன்கு கடத்தும் என்று கற்பிக்கிறோம். மின்கடத்தி, குறைகடத்தி என்பன இன்று கலைச்சொற்களாக நிலைபெற்றுவிட்டன. ஆகவே வேரிலும் வன்முறை இல்லை, விகுதியிலும் இல்லை. இச்சொல்லுக்கு இழுக்கு வந்தது சுங்கச் சாவடியில். வரி கொடாமல் மறைவாகப் பொருள்களை எல்லை தாண்டச் செய்வதை முன்பு 'கள்ளக்கடத்தல்' என்று அடைகொடுத்து வழங்கினர். இலங்கைத் தமிழில் அவ்வடை இன்றும் உள்ளது. பிற இடங்களிலே அடை உதிர்ந்தது. அதன் குற்றம் மட்டும் 'கடத்தல்' என்னுஞ் சொல்லின்மேல் தங்கிவிட்டது.

இனி மாணவன் கேட்ட வினாவுக்கு விடை கூறலாம். 'கடத்து' என்னும் வினைக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். கடத்தப்படுவது ஒன்று, கடக்கப்படும் எல்லை மற்றொன்று. வழிப்போக்கரை ஆறு கடத்தினான் என்பதில் வழிப்போக்கர் முன்னது, ஆறு பின்னது. தங்கம் கடத்தல், ஆட்கடத்தல் என்பவற்றில் நிற்கும் பெயர்கள் கடத்தப்படுவனவற்றின் பெயர்கள். 'நாடு கடத்தல்' என்பதிலோ, நாடு என்பது ஆற்றின் இடத்தில் நிற்கிறது. ஒருவனை நாட்டின் எல்லையைக் கடக்கச் செய்தல் என்பதே தொடரின் பொருள். அத்தொடரில் எல்லை இருக்கிறது, கடத்தப்பட்ட மனிதன் இல்லை, கடத்தியவனும் இல்லை.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. 'கட' என்பதனோடு 'தல்' விகுதி சேர்ந்து இடையே ஒற்று மிக்கால் 'கடத்தல்' என்றாகும். அது தன்வினைத் தொழிற்பெயர். 'கடத்து' என்பதனோடு 'அல்' விகுதி சேர்ந்தாலும் 'கடத்தல்' என்றே ஆகும். அது பிறவினைத் தொழிற்பெயர். தானே தாண்டிச் செல்வதற்கும் பிறரால் தாண்டவைக்கப்படுவதற்கும் எழுத்தளவில் வடிவம் ஒன்றே. இடம் நோக்கித்தான் பொருள் கொள்ள வேண்டும். விரும்பிச் சென்றவனையும் விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்டவனையும் இச்சொல் தானாகப் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டும் பொறுப்பு எழுதுவோனுடையது.

தீவாந்தரம்

ஆங்கிலேயர் ஆட்சிக்கால நீதிமன்றத் தமிழில் கடல்கடந்த தண்டனையைக் குறிக்கப் பெரிதும் வழங்கிய சொல் 'தீவாந்தரம்', 'தீவாந்தர சிட்சை' என்பது. இது வடசொல். துவீபம் தீவு, அந்தரம் வேறு, எனவே 'வேறு தீவு' என்பது நேர்ப்பொருள். காளிதாசரின் இரகுவமிசத்தில் இச்சொல் கிராம்பு மணத்தோடு சேர்ந்து வருகிறது. அங்கே அது தண்டனையின் பெயரன்று. கடலுக்கு அப்பால் நறுமணப் பொருள் விளையும் நாடுகளின் பெயர். மலாய் மொழியில் இத்தீவுக் கூட்டத்தைக் குறிக்கும் 'நுசாந்தாரா' என்பதும் இதே அமைப்பினது. நுசா என்பது தீவு. இந்தோனேசியா தன் புதிய தலைநகருக்கு 2022-ஆம் ஆண்டில் அப்பெயரையே சூட்டியது. கிராம்பு மணந்த சொல் தமிழில் விலங்கு ஒலிக்கும் சொல்லாயிற்று.

இதனோடு 'தேசாந்தரம்' என்பதை ஒப்பிட்டால் நம் பொருள் மேலும் விளங்கும். தேசாந்தரம் போனான் என்றால், மனம்போன போக்கில் ஊர் சுற்றப் போனான் என்பது பொருள். தீவாந்தரத்துக்கோ எவனும் போவதில்லை, அனுப்பப்படுகிறான். இரண்டிலும் அந்தரம் ஒன்றே. ஒன்று தன்வினையோடும் மற்றொன்று பிறவினையோடும் சேர்ந்து வழங்கின. வேற்றுமொழிச் சொல்லைக் கடன் வாங்கிய இடத்தும் நம் முன்னோர் வினையைப் பிழையாது ஆண்டனர்.

இச்சொல்லின் கொடுமையைத் தென்பாண்டிச் சீமை நன்கறியும். மருது சகோதரர் 1801 அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், சின்ன மருதுவின் இளைய மகன் துரைச்சாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். சிவகங்கைச் சீமையில் அவரை அறிந்திருந்த வெல்ஷ் என்னும் படையதிகாரி, 1818-இல் பினாங்கில் துரைச்சாமியைக் கண்டு, அடையாளமே தெரியாதபடி மாறிப்போயிருந்ததைத் தம் நினைவு நூலில் எழுதி வைத்துள்ளார்.

காலப்போக்கில் தீவு இல்லாமலே தீவாந்தரம் வழங்கலாயிற்று. வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு 1908-இல் அத்தண்டனை இருமுறை விதிக்கப்பட்டது. பின்னர் மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. அவர் கடல் கடக்கவில்லை. கோவையிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து 1912 டிசம்பரில் விடுதலை பெற்றார். இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து இத்தண்டனையின் பெயர் நீக்கப்பட்டு, 1956 சனவரி முதல் 'ஆயுள் சிறை' என்பது அவ்விடத்தில் வைக்கப்பட்டது. தண்டனை ஒழியச் சொல்லும் வழக்கொழிந்தது.

'நாடு கடத்தல்' என்பதற்குக் கடல் வேண்டுவதில்லை. எல்லை இருந்தாற் போதும். மலையாளத்திலும் இதே சொல் இதே பொருளில் உண்டு. 'சுவதேசாபிமானி' இதழாசிரியர் இராமகிருஷ்ண பிள்ளையைத் திருவிதாங்கூர் அரசு 1910 செப்டம்பர் 26-ஆம் நாள் தன் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டது. அவர் அடுத்த ஆண்டே, 'எனது நாடுகடத்தல்' எனப் பொருள்படும் பெயரில் மலையாளத்தில் ஒரு நூல் வெளியிட்டார். கடத்தியவர் யார், கடத்தப்பட்டவர் யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லாதபடி, தலைப்பிலேயே தம்மை நிறுத்திக்கொண்டார்.

சிங்கப்பூரில் நடந்தது

1824-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஆங்கிலேயர் சுமத்திராவிலுள்ள பெங்கூலனை ஒல்லாந்தரிடம் விட்டனர். அங்கிருந்த இந்தியக் கைதிகள் 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். சென்னை மாகாணத்தார் முதலிலும், வங்காளத்தார் அடுத்தும் வந்திறங்கினர். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு, 1873 வரை, சிங்கப்பூர் ஒரு தீவாந்தரமாக இருந்தது. அன்றைய செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையும் அக்கைதிகளின் கையால் எழுந்தவை. சிராங்கூன் சாலையில் அவர்கள் செங்கற் சூளை நடத்தினர். இன்று லிட்டில் இந்தியாவில் நடப்போர், அவர்கள் மண் மிதித்த நிலத்தின் பக்கமாகவே நடக்கின்றனர்.

இக்கைதிகளைப் பற்றி ஒரு சொற்கதையும் உண்டு. அவர்களுடைய கால் விலங்கு 'கிளிங், கிளிங்' என்று ஒலித்ததால் மலாய்க்காரர் இந்தியரைக் 'கெலிங்' என்றனர் என்பர் சிலர். இது பொருந்தாது. 1825-க்கு நெடுநாள் முன்னரே மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு'வில் இப்பெயர் உள்ளது. மலாக்காவில் 1748-இல் எழுந்த பள்ளிவாசலுக்கும் கம்போங் கெலிங் பள்ளிவாசல் என்றே பெயர். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரே இதற்கு மூலம் என்பர் அறிஞர். ஒலி ஒப்புமை கண்டு மூலங் கூறுவது சொல்லாராய்ச்சி ஆகாது. இப்பெயரை இகழ்ச்சியாக வழங்குவது தவறு என்பது வேறு வழக்கு. அதற்குப் பொய்யான மூலம் துணையாக வேண்டுவதில்லை.

ஒரு சொல், நான்கு செயல்கள்

இன்றைய வழக்குக்கு வருவோம். நாடு கடத்தல் என்னும் ஒரே தொடரால் ஏடுகள் வெவ்வேறு செயல்களைக் குறிக்கின்றன. தண்டனையாகக் குடிமகனைத் தன் நாட்டினின்று நீக்கி அயலிடத்துக்கு அனுப்புதல் ஒன்று. மருதுவின் மகனுக்கு நேர்ந்தது இது. அயல்நாட்டானாகக் கருதப்படுவோனை அவன் நாட்டுக்கே அனுப்புதல் மற்றொன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது கைதான ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது இவ்வகை. முன்னதில் மனிதன் தாய்நாட்டை விட்டுக் கடத்தப்படுகிறான். பின்னதில் தாய்நாட்டை நோக்கிக் கடத்தப்படுகிறான். திசை நேர் எதிரானது.

குற்றஞ் சாட்டப்பட்ட ஒருவனை, விசாரிக்க விரும்பும் வேறொரு நாடு சட்டப்படி கேட்க, அதனிடம் கொடுத்தல் மூன்றாவது. இதற்கான உடன்பாட்டை 'நாடு கடத்தல் ஒப்பந்தம்' என்று எழுதுகின்றனர். சட்ட அனுமதி எதுவுமின்றி ஒருவனைப் பிடித்து எல்லைக்கு அப்பால் கொண்டுபோதல் நான்காவது. அது ஆட்கடத்தல், பெருங்குற்றம். நீதிமன்றம் ஒப்பிய செயலையும், நீதிமன்றம் தண்டிக்க வேண்டிய செயலையும் ஒரே வினையால் எழுதினால் படிப்போன் எங்ஙனம் பிரித்தறிவான்?

புதுச்சொல் படைக்க வேண்டுவதில்லை. தண்டனையாகத் தன் நாட்டினின்று நீக்குதலுக்கு மட்டும் 'நாடு கடத்தல்' நிற்கட்டும். அயலாரை அனுப்புதலை 'வெளியேற்றம்' என்க. கேட்ட நாட்டிடம் கொடுத்தலை 'ஒப்படைப்பு' என்க. நான்காவதற்கு 'ஆட்கடத்தல்' முன்பே உண்டு. 2013 டிசம்பர் 8-ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் நிகழ்ந்த கலவரத்துக்குப் பின் 50-க்கும் மேற்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளர் சிங்கப்பூரை விட்டு அனுப்பப்பட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் இந்தியர். அதனை நாடு கடத்தல் என்றோரும் உண்டு. தாயகம் திருப்பி அனுப்புதல் என்றோரும் உண்டு. முன்னது தண்டனை போல ஒலிக்கிறது. பின்னது விடுமுறை போல ஒலிக்கிறது. 'வெளியேற்றப்பட்டனர்' என்பது நடந்ததை மட்டும் கூறும்.

தன்வினை என்னும் திரை

சொற்களை இவ்வாறு பிரித்தாலும் பெருங்குறை தீராது. பிறவினையால் கூற வேண்டியதைத் தன்வினையால் கூறும் பழக்கமே அப்பெருங்குறை.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் வாழ்ந்த 9,75,000 இந்திய வமிசாவளித் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் இரு அரசுகளும் முடிவு செய்தன. மீதி 1,50,000 பேர் பின்னர்ப் பேசிக்கொள்ளப்பட வேண்டிய கணக்காயினர். அம்மக்களுள் பலர் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்தவர். இராமேசுவரத்தைக் கண்ணால் கண்டிராதவர். தமிழ்நாட்டில் அவர்களுக்கு வழங்கிய பெயர் 'தாயகம் திரும்பியோர்' என்பது. ஒருமுறையும் புறப்படாத இடத்துக்கு ஒருவன் எவ்வாறு திரும்புவான்? 'திரும்பியோர்' என்னும் தன்வினை, இரண்டு அரசுகளின் செயலை அம்மக்களின் செயலாக்கி விட்டது.

சயாம்–பர்மா இரயில்பாதையும் அத்தகையதே. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையைச் சப்பானியர் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்குக் கொண்டுபோகப்பட்டனர். மீளாதவர் மிகப் பலர். சப்பானியர் அவர்களுக்கு இட்ட பெயர் 'ரோமுஷா'. அதன் பொருள் 'தொழிலாளி' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நம் மலர்களிலும் சொற்பொழிவுகளிலும் 'சயாமுக்குச் சென்றோர்' என்று கூறக் கேட்கிறோம். தோட்டத்து முதியவர்கள் அப்படிச் சொல்வதில்லை. 'ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடிச்சிக்கிட்டுப் போயிட்டான்' என்பார்கள். பிடித்தவன் யார், பிடிபட்டவர் யார், எங்கே கொண்டுபோனான் என்னும் மூன்றும் அவ்வொரு வாக்கியத்தில் உள்ளன. இலக்கணம் படியாதவர் பேச்சில் எழுவாய் இருக்கிறது. படித்தவர் எழுத்தில் அது மறைந்துவிட்டது.

'புலம்பெயர்ந்தோர்' என்னுஞ் சொல்லையும் இவ்வாறே எண்ணிப் பார்க்க வேண்டும். அழகிய சொல், பழைய சொல். ஆயினும் கைதி, ஒப்பந்தக் கூலி, கங்காணி வழி வந்தவர், வணிகர், எழுத்தர் என்று எல்லாரையும் அதனுள் அடக்கினால், ஒருவரையும் நாம் அறிந்தவர் ஆகோம்.

இங்கே ஒரு தடை எழலாம். கங்காணி வழி வந்தோரைக் கொண்டுவரப்பட்டோர் என்பதா, வந்தோர் என்பதா? அவர்கள் தாமே அல்லவா கப்பலேறினர்? மெய்தான். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938-இல் இந்திய அரசின் தடையால் நின்றது. அதுவரை தமிழ்நாட்டு ஊர்களில் இச்செயலுக்கு 'ஆள் பிடித்தல்' என்றே பெயர். பிடித்தது கயிற்றாலன்று, பஞ்சத்தாலும் முன்பணத்தாலும் ஆசைமொழியாலும். ஆகவே இங்கே இரு வினைகளும் வேண்டும்: ஆள் பிடிக்கப்பட்டு வந்தனர். ஒன்றை விட்டு ஒன்றை எழுதுவது பாதி உண்மையே ஆகும்.

இன்னொரு தடையும் உண்டு. முன்னோரை எப்போதும் செயப்பாட்டு வினையிலேயே வைத்து எழுதினால் அவர்கள் பிறர் கைப்பாவைகள் என்று ஆகாதோ? ஆகும், எல்லா இடத்தும் அவ்வாறே எழுதினால். வினையை இடமறிந்து ஆள்வதே இதற்கு மருந்து. 1819-இல் இராபிள்சுடன் நாராயண பிள்ளை பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தார். 1827-இல் மாரியம்மன் கோயிலை நிறுவினார். இவை தன்வினையில் நிற்கத் தக்கவை. 1825-இல் கைதிகள் வந்தனர் என்று எழுதுவது பிழை, கொண்டுவரப்பட்டனர் என்க. ஆனால் தண்டனைக் காலம் முடிந்தபின் அவருள் பலர் இங்கேயே தங்கினர், தொழில் செய்தனர், மணந்தனர், மக்களைப் பெற்றனர். இவ்வினைகளை எவரும் அவர்கள்மேல் ஏற்றவில்லை. தாமே செய்தனர்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். தன்வினை பிறவினைப் பாடத்தில் 'திருந்தினான், திருத்தினான்' என்னும் எடுத்துக்காட்டோடு நிறுத்தாமல், 'கடந்தான், கடத்தினான், கடத்தப்பட்டான்' என்னும் மூன்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். எழுதி, நம் ஊர் வரலாற்றில் யார்க்கு எவ்வினை பொருந்தும் என்று மாணவரைக் கேளுங்கள். கப்பலிலிருந்து விலங்கோடு இறக்கப்பட்டவன் ஒருவன். விலங்கு கழன்ற மறுநாள் தன் காலால் நடந்து சென்று குடிசை போட்டவனும் அவனே. முதற்செயலுக்குப் பிறவினையும் இரண்டாவதற்குத் தன்வினையும் எழுதத் தெரிந்த பிள்ளை, இலக்கணத்தையும் கற்றான். தன் முன்னோனையும் அறிந்தான்.